ஒரு கல்மரம், ஒரு நுண்ணுயிர்க் கல், ஒரு பொய்ச்சீட்டு: தொல்லுயிர்க் கற்பெட்டி பற்றிய மதிப்புரை

இணையத்தில் கற்களையும் படிகங்களையும் விற்கும் கடை ஒன்றிலிருந்து நான் வாங்கிய மூன்று கற்கள் கொண்ட பெட்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. விலை 7,400 ரூபாய். மெருகேற்றிய கல்மர வில்லை ஒன்று, உள்ளங்கை அளவுள்ள சிவப்புக் கல் ஒன்று, கரும்புள்ளிகள் நிறைந்த பச்சைக் கல் ஒன்று என மூன்றும் பஞ்சு வைத்த மரப்பெட்டியில் வருகின்றன. ஒவ்வொன்றோடும் அதன் பெயர், வயது, கிடைத்த இடம் ஆகியவை அச்சிட்ட சீட்டு ஒன்றும் இருக்கிறது. முதலாவது மரம் கல்லானது என்றும், மற்ற இரண்டும் கல்லாகிப்போன நுண்ணுயிர்க் கூட்டங்கள் என்றும் அந்தச் சீட்டுகள் சொல்கின்றன. கடையின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை, ஏனெனில் இங்கே நான் குறைசொல்லப்போகும் சீட்டு அந்த ஒரு கடைக்கே உரியதன்று. அதே கல்லை அதே விளக்கத்தோடு விற்காத கற்கடையை இணையத்தில் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம். பெட்டியில் இரண்டு கற்கள் கொடுத்த காசுக்குத் தகுந்தவை, மூன்றாவது கல் உயிரெச்சமே அன்று என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். வாங்க நினைப்பவர்கள் இதே சோதனைகளைத் தாங்களும் செய்து பார்க்கலாம்.

கல்மர வில்லை ஏறத்தாழ 12 செ.மீ. அகலமும் 1 செ.மீ. கனமும் உள்ளது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹோல்புரூக் நகரை அடுத்த தனியார் நிலத்திலிருந்து எடுக்கப்பட்டது என்கிறது சீட்டு. அப்பகுதியின் மரங்கள் சின்லே எனப்படும் பாறை அடுக்கைச் சேர்ந்தவை. டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியில், ஏறக்குறைய 21 முதல் 22 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து வண்டலில் புதைத்த ஊசியிலை மரங்கள் அவை. அந்த வண்டலில் எரிமலைச் சாம்பல் கலந்திருந்தது. சாம்பலிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் நுழைந்து படிந்தது. காற்றோட்டம் இல்லாத ஆழத்தில் மரம் விரைவாக மட்கிப்போகவும் இல்லை. காலப்போக்கில் அந்தச் சிலிக்கா குவார்ட்ஸ் படிகமாக மாறியது. என் கையிலிருக்கும் வில்லையில் நடுப்பகுதி ஆழ்ந்த சிவப்பு, அதைச் சுற்றி மஞ்சளும் சாம்பல்வெள்ளையும், ஓரத்தில் கறுப்புக் கீற்றுகள். சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடுகள் தந்த நிறங்கள். சாயம் ஏற்றியிருந்தால் விரிசல்களின் ஓரங்களில் மட்டும் நிறம் அடர்ந்து தேங்கியிருக்கும், அப்படி எதுவும் இதில் தென்படவில்லை. எஃகுக் கத்தியால் கீறினால் கோடு விழவில்லை, மாறாகக் கல்லின் முனை கண்ணாடியைக் கீறுகிறது. குவார்ட்ஸிடம் எதிர்பார்க்க வேண்டியது இதுவே.

இரண்டு விரிசல்களில் பிசின் நிரப்பியிருக்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் பிசினுக்குள் சிறு காற்றுக் குமிழிகள் தெரிகின்றன. அரிசோனா மரம் எளிதில் நொறுங்கக்கூடியது என்பதால் வெட்டும்போது உடையாமல் இருக்க இப்படிச் செய்வது தொழிலில் வழக்கந்தான், அதைக் குற்றமாக நான் கருதவில்லை. ஆயினும் அதைச் சீட்டில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

சீட்டின் உயிரியல் விவரத்தில் ‘அராகாரியாக்சிலான் அரிசோனிக்கம்’ என்று ஒரே இனப்பெயர் உறுதியாக அச்சிடப்பட்டிருக்கிறது. 1889இல் தொல்தாவர ஆய்வாளர் நோல்டன் வைத்த பெயர் அது. நூறாண்டுக்கும் மேலாக அப்பகுதியில் கிடைத்த பெரும்பாலான மரங்கள் அந்தப் பெயரிலேயே அழைக்கப்பட்டன. ஆனால் 2007இல் ராட்னி சாவிட்ஜ் பழைய மாதிரிகளை நுண்ணோக்கியில் மறுபடி ஆராய்ந்து, ஒரே பெயருக்குள் வெவ்வேறு மரங்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதினார். மேலும், வண்ணம் மிகுந்த அரிசோனா மரங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ முழுமையாகக் குவார்ட்ஸாகவே மாறிவிட்டவை. வெளித்தோற்றம் மரமாக இருந்தாலும் உள்ளே செல்களின் அமைப்பு பெருமளவு அழிந்திருக்கும். என் வில்லையிலும் அதே நிலைதான்: லென்ஸை வைத்து எவ்வளவு துழாவினாலும் ஓரத்தில் ஒரு சிறு பகுதியைத் தவிர வேறெங்கும் செல் வரிசை தெரியவில்லை. இந்த நிலையில் இனப்பெயரை உறுதியாகச் சொல்வதைவிட ‘ஊசியிலை மரம், சின்லே அடுக்கு’ என்று எழுதியிருந்தால் கடையின் மீது கூடுதல் மதிப்பு பிறந்திருக்கும். அழகுக்காக வாங்குவோருக்கு இது பொருட்டில்லை. செல்களைப் பார்க்க வேண்டும் என்று விரும்புவோர் வண்ணத்தை விட்டுவிட்டு, பழுப்பும் சாம்பலுமாக மங்கிக் கிடக்கும் கல்மரங்களைத் தேட வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஓர் ஒப்பீடு உதவும். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காத்துவரும் தேசியக் கல்மரப் பூங்காவின் மரங்கள் கடலூர் மணற்கல் அடுக்கைச் சேர்ந்தவை. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். அரிசோனா மரங்களோடு ஒப்பிட்டால் அவை இளையவை, வண்ணமும் குறைந்தவை. ஆனால் அவற்றின் உள்ளமைப்பு நன்றாகப் பேணப்பட்டிருப்பதால், மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்து அவற்றின் தாவரக் குடும்பங்களை ஆய்வாளர்கள் இனங்காண முடிந்தது. இரண்டு இடங்களிலும் பெரும்பாலான மரங்கள் வேரும் கிளையும் இல்லாமல் வெறும் அடிமரங்களாகக் கிடக்கின்றன. வளர்ந்த இடத்திலேயே நின்று கல்லானவை அல்ல, வெள்ளத்தில் உருண்டு வந்தவை என்பதற்கு அதுவே சான்று. திருவக்கரைக் கல்மரம் என்று சொல்லி யாரேனும் விற்றால் வாங்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட புவியியல் நினைவுச்சின்னம், அங்கிருந்து ஒரு துண்டும் வெளியே வரக்கூடாது.

இடத்தைப் பற்றிய நேர்மை கல்மர வணிகத்தில் தலையாயது என்பதற்கு அரிசோனாவே நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள கல்மரக் காடு 1906இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டால் தேசிய நினைவுச்சின்னமாகவும், 1962இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பூங்காவுக்குள் ஒரு சில்லைக்கூட எடுக்க அனுமதியில்லை. வேறு சில பொது நிலங்களில் சொந்த உபயோகத்துக்காக நாளொன்றுக்கு 25 பவுண்டு (ஏறத்தாழ 11 கிலோ) எடையும் கூடவே ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டு வரையும் எடுக்க அந்நாட்டு விதி இடங்கொடுக்கிறது, ஆனால் அப்படி எடுத்ததை விற்கக்கூடாது. எனவே கடைக்கு வரும் மரம் தனியார் நிலத்திலிருந்து வந்திருந்தால்தான் முறையான சரக்கு. பூங்காவிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்துச் சென்றவர்கள் பல ஆண்டுகள் கழித்து மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு கற்களைத் தபாலில் திருப்பி அனுப்புவது அங்கே வாடிக்கை. அனுப்பியவர்களின் எண்ணம் நல்லதுதான், ஆனால் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரியாத கல்லைப் பழைய இடத்தில் வைக்க முடியாது. அவ்வாறு வந்த கற்களையெல்லாம் தனியே ஒரு குவியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். இடம் தெரியாத தொல்லெச்சம் ஆய்வுக்கு எவ்வளவு பயனற்றதாகிவிடும் என்பதை அந்தக் குவியலைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. நான் வாங்கிய பெட்டியில் கல்மரத்துக்கு மட்டும், நில உரிமையாளர் அனுமதியோடு எடுத்ததாகக் கூறும் கொள்முதல் ரசீதின் நகல் கேட்டவுடன் கிடைத்தது. அந்த வகையில் கடைக்கு நல்ல மதிப்பெண்.

சிவப்புக் கல்லே இந்தப் பெட்டியின் சிறந்த பொருள். வணிகத்தில் மேரி எல்லன் ஜாஸ்பர் என்று வழங்கும் இது, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிவாபிக் இரும்புப் பாறை அடுக்கிலிருந்து வருகிறது. வயது ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள். இரும்புச் சுரங்கங்கள் நிறைந்த அப்பகுதி அக்காலத்தில் ஆழமற்ற கடலாக இருந்தது. அதன் அடித்தரையில் நுண்ணுயிர்கள் பிசுபிசுப்பான பாய்போலப் படர்ந்தன. மேலே வந்து படியும் துகள்களை அந்தப் பாய் பிடித்துக்கொண்டது. மூடிய படிவுக்கு மேலே நுண்ணுயிர்கள் மறுபடியும் வளர்ந்தன. இப்படி அடுக்கு மேல் அடுக்காக எழுந்த சிறு தூண்களே ஸ்ட்ரோமட்டோலைட்டுகள். பிறகு சிலிக்காவும் ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடும் அந்தத் தூண்களைக் கல்லாக்கின. ஆஸ்திரேலியாவின் ஷார்க் வளைகுடாவில், கடல்நீரைப்போல இருமடங்கு உப்பேறிய ஹேமலின் பூல் என்னும் நீர்நிலையில் இத்தகைய தூண்கள் இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. நத்தை போன்ற மேய்ச்சல் உயிரினங்கள் அந்த உப்பில் அதிகம் பிழைக்க முடியாததே அவை அங்கே தப்பியிருப்பதற்கு முக்கியக் காரணம். இந்தியாவிலும் உதய்ப்பூரை அடுத்த ஜமர்கோட்ராவில், பாஸ்பேட் படிந்த ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

கல்லின் மெருகேற்றிய பக்கத்தில் விரலளவுத் தூண்கள் கிளைபிரிந்து மேல்நோக்கி எழுவது லென்ஸ் இல்லாமலே தெரிகிறது. ஒவ்வொரு தூணுக்குள்ளும் மயிரிழை போன்ற அடுக்குகள், எல்லாம் ஒரே திசையில் மேல்நோக்கி வளைந்தவை. இந்த ஒரே திசைதான் முக்கியமான சோதனை. அகேட் போன்ற வரிக்கற்களிலும் மெல்லிய அடுக்குகள் இருக்கும், ஆனால் அவை பாறைப் பொந்தின் சுவரை ஒட்டி எல்லாப் பக்கங்களிலிருந்தும் உள்நோக்கி வளர்ந்தவை. நுண்ணுயிர்ப் பாயோ வெளிச்சத்தை நோக்கி மேலே மட்டும் வளரும். இரண்டாவது சோதனை வெட்டுமுகம். முருங்கைக்காயைக் குறுக்கே நறுக்கினால் வட்டமும் நெடுக்கே பிளந்தால் நீளமும் தெரிவதுபோல, உண்மையான தூண் ஒரு பக்கத்தில் வளையங்களாகவும் அடுத்த பக்கத்தில் நீண்ட கோடுகளாகவும் தெரிய வேண்டும். சிவப்புக் கல்லின் இரண்டு பக்கங்களுக்கு மெருகேற்றியிருப்பதால் இதை நேரடியாகவே பார்க்க முடிந்தது. இரண்டு பக்கங்களுக்கு மெருகேற்ற முடிவு செய்தவர் இந்தக் கல்லை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சீட்டில் ஒரு திருத்தம் தேவை. ‘190 கோடி ஆண்டுப் பாக்டீரியாவை உங்கள் கண்ணால் காணுங்கள்’ என்கிறது அது. நாம் காண்பது பாக்டீரியாவை அன்று, பாக்டீரியாக் கூட்டம் எழுப்பிய கட்டமைப்பை. தனித்தனி நுண்ணுயிர்களின் உடல் கல்லில் பேணப்பட்டிருப்பது அரிதினும் அரிது. அப்படிப் பேணப்பட்டிருந்தாலும், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் எடுத்து நல்ல நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். மின்னசோட்டாவின் எல்லையைத் தாண்டினால் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஏறத்தாழ இதே வயதுள்ள கன்ஃப்ளின்ட் பாறை அடுக்கு இருக்கிறது. அங்கே கிடைத்த கறுப்பு நிறச் சிலிக்காக் கல்லின் சீவல்களில் இழைகளும் உருண்டைகளுமாக நுண்ணுயிர்களைக் கண்டதாக ஸ்டான்லி டைலரும் எல்சோ பார்கோர்னும் 1954இல் அறிவித்தார்கள். அவ்வளவு பழைய பாறையில் உயிரின் உடல் தடயம் இருக்கக்கூடும் என்பதையே அதுவரை பலர் நம்பவில்லை. கடைக்காரர் இந்தக் கதையை நாலு வரியில் சீட்டில் எழுதியிருந்தால், கண்ணால் காணுங்கள் என்ற மிகைக்கூற்றைவிடச் சுவையாக இருந்திருக்கும்.

இனி பச்சைக் கல். கம்பாபா ஜாஸ்பர் என்ற பெயரில் மடகாஸ்கரிலிருந்து வரும் இந்தக் கல், கரும்பச்சைத் தளத்தில் கறுப்பு வட்டங்கள் பூத்ததாகப் பார்வைக்கு மிக அழகானது. ‘300 கோடி ஆண்டுப் பழைமையான ஸ்ட்ரோமட்டோலைட், உலகின் முதல் உயிர்களின் எச்சம்’ என்கிறது சீட்டு. இது தவறு. ஆய்வகத்தில் இந்தக் கல்லைச் சோதித்தவர்கள் இதை ரையோலைட் வகை எரிமலைப் பாறை என்று காட்டிவிட்டார்கள். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், பச்சை நிறந்தரும் ஏஜிரின் முதலிய கனிமங்களால் ஆனது அது. உருகிய குழம்பு குளிர்ந்து இறுகியபோது கனிமங்கள் ஆங்காங்கே உருண்டைகளாகத் திரண்டதால் வந்தவையே அந்த வட்டங்கள். உயிருக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கொதிக்கும் குழம்பிலிருந்து பிறந்த பாறையில் கடலடி நுண்ணுயிர்ப் பாயைத் தேடுவதே வீண்வேலை.

ஆய்வகம் இல்லாமலே இதை ஓரளவு உய்த்துணரலாம். சிவப்புக் கல்லுக்குச் செய்த அதே சோதனைகளை இதற்கும் செய்தேன். கல்லை எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டங்கள் வட்டங்களாகவே இருக்கின்றன, எங்கும் நீண்ட தூணாகத் தெரிவதில்லை. அப்படியானால் அவை தூண்களல்ல, உருண்டைகள். வட்டத்துக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேல்நோக்கி வளைந்த அடுக்குகள் ஒன்றுகூட இல்லை. நடுவிலிருந்து வெளிப்புறமாக விரியும் நுண்ணிய ஊசிகளும் மங்கிய வளையங்களுமே இருக்கின்றன. மேல் எது, கீழ் எது என்று சொல்லவே வழியில்லாத கல் அது. ஸ்ட்ரோமட்டோலைட்டில் அந்தக் குழப்பம் வராது.

300 கோடி என்ற எண்ணை இவ்வளவு எளிதாக அச்சிடுவதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. அந்த வயதுக்கு மேற்பட்ட உண்மையான ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் உலகில் உண்டு; மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் 340 கோடி ஆண்டுகளையும் தாண்டியவை இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்துப் பாறையில் உயிரின் தடயம் என்று ஒன்றைச் சொல்வதற்கு அறிஞர்கள் எவ்வளவு போராட வேண்டியிருக்கிறது என்பதைப் பாருங்கள். கிரீன்லாந்தில் 370 கோடி ஆண்டுப் பாறையில் ஸ்ட்ரோமட்டோலைட் கண்டதாக 2016இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. 2018இல் அபிகெய்ல் ஆல்வுட் தலைமையிலான குழு அதே இடத்துக்குப் போய்ப் பார்த்து, அந்தக் கூம்பு வடிவங்கள் பாறை நசுங்கி மடிந்ததால் உண்டானவையாக இருக்கலாம் என்று மறுத்தது. வாழ்நாள் முழுவதும் இதிலேயே உழைத்தவர்களுக்கிடையிலேயே வாதம் முடியாத ஒரு துறையில், கைக்கு அடக்கமான பச்சைக் கல்லை ‘உலகின் முதல் உயிர்’ என்று விற்பது வாங்குபவரின் ஆர்வத்தை ஏய்ப்பதாகும். பள்ளிப் பிள்ளைகளுக்கான பரிசு என்றும் இந்தப் பெட்டி விளம்பரப்படுத்தப்படுவதால் இதைச் சிறு பிழையென விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கடைக்கு எழுதிக் கேட்டேன். மொத்த வியாபாரி கொடுத்த விளக்கத்தைத்தான் தாங்கள் அச்சிட்டதாகவும், கல்லைத் திருப்பி அனுப்பினால் அதற்குரிய தொகையைத் தருவதாகவும் பணிவாகவே பதில் வந்தது. சீட்டை மாற்றுவார்களா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. இணையப் பக்கத்தில் பழைய விளக்கமே இதை எழுதும் வேளையிலும் இருக்கிறது.

பெட்டியோடு வரும் மடிப்பேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘மரம் கல்லாக மாறப் பல கோடி ஆண்டுகள் ஆகும்’ என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கல்மரத்தின் வயது வேறு, அது கல்லாவதற்கு எடுத்துக்கொண்ட காலம் வேறு. ஜப்பானில் சிலிக்கா மிகுந்த வெந்நீர் ஊற்று ஒன்றில் மரத்துண்டுகளைப் போட்டுவைத்துச் சோதித்த ஆய்வாளர்கள், 7 ஆண்டுகளுக்குள்ளேயே கணிசமான அளவு சிலிக்கா மரத்துக்குள் படிந்துவிட்டதை 2004இல் வெளியிட்டார்கள். தொடக்கப் படிவு விரைவாக நடக்கலாம். அது முழுமையாகக் குவார்ட்ஸாக மாறுவதற்குத்தான் நெடுங்காலம் வேண்டும். விரைவாகப் படிவதால்தான் மென்மையானவையும் அழியாமல் தப்புகின்றன. ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்தில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஊற்றுகள் கக்கிய சிலிக்கா, சிறு செடிகளையும் அவற்றைப் பற்றியிருந்த பூஞ்சைகளையும் சயனோபாக்டீரியா என்னும் ஒளிச்சேர்க்கை நுண்ணுயிர்களையும் ஒரே கல்லில் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. கல்மரத்தையும் நுண்ணுயிர்க் கல்லையும் ஒரே பெட்டியில் வைத்து விற்பதற்கு உண்மையில் ஒரு நல்ல காரணம் உண்டென்றால், இரண்டையும் காத்துத் தந்தது இதே சிலிக்கா என்பதுதான். அரிசோனா மரங்களிலேயே பூஞ்சை அரித்த குழிகள் பரவலாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். என் வில்லையின் ஓரத்திலும் நீள்வட்டமான சில வெண்ணிறப் பொட்டுகள் இருக்கின்றன. அவை பூஞ்சை அரித்த இடங்களா, வெறும் விரிசல்களில் படிந்த குவார்ட்ஸா என்பதை மெருகேற்றிய பரப்பை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது, என்றாலும் அவற்றைத் தேடிப் பார்ப்பதே இந்தக் கல்லின் இன்பங்களுள் ஒன்று. மடிப்பேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்குப் பதிலாக, கல்மரம் மனவமைதியையும் செல்வத்தையும் தரும் என்று அரைப்பக்கம் இருக்கிறது.

பெட்டியைக் கட்டி அனுப்பிய விதம் பாதுகாப்பாக இருந்தது. ஒரு முனைகூட உடையாமல் வந்து சேர்ந்தது. கூடக் கொடுக்கும் மரத்தாங்கி வில்லையின் எடையைத் தாங்காமல் சாய்கிறது, வேறு வாங்கிக்கொள்வது நல்லது.

பெட்டியாக வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன். அதே கடையில் கல்மர வில்லையும் சிவப்புக் கல்லும் தனித்தனியாகவும் கிடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 6,000 ரூபாய் ஆகும், அந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம். வாங்குமுன் எந்தப் பாறை அடுக்கு, யாருடைய நிலம் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். ஸ்ட்ரோமட்டோலைட் என்று எதை விற்றாலும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு வெட்டுமுகங்களின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பச்சைக் கல்லின் நிறத்துக்காகவே அதை விரும்புகிறவர்கள் எரிமலைப் பாறை என்று தெரிந்தே வாங்கலாம். வேறு கடைகளில், எந்தக் கதையும் ஒட்டாத கம்பாபா இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது.